பழைய காரில் எஞ்சின் சத்தம்: ‘டிக் டிக்’ முதல் ‘டொக் டொக்’ வரை

‘எஞ்சினில் சத்தம் வருது’ என்று பழைய காரைப் பட்டறையில் நிறுத்தினால், பானெட்டைத் திறக்கும் முன்பே ‘இறக்கித்தான் பார்க்கணும் சார்’ என்ற பதில் வந்துவிடுவது உண்டு. எஞ்சினை இறக்கினால் பட்டறைக்கு ஒரு வார வேலை, உங்களுக்கு வண்டி விலையில் பாதி செலவு. ஆனால் மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, ஐகான், அம்பாசடர் என்று இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டிகளில் கேட்கும் சத்தங்களில் பல, எஞ்சினின் மேல் தொங்கும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், மேனிஃபோல்டு, மவுண்டிங் இவற்றில் பிறந்து, இரும்பு வழியாக எங்கும் பரவுபவை. சத்தம் உள்ளேயா வெளியேயா என்று பிரிக்க அரை மணி நேரமும் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. ஆயில் விளக்கு எரிய, கூடவே கனமாக டொக் டொக் என்று கேட்டால், சென்னை ஜிஎஸ்டி ரோட்டின் நடுவில் இருந்தாலும் ஓரம் கட்டி உடனே ஆஃப் செய்யுங்கள். ‘அடுத்த சிக்னல் தாண்டி நிறுத்தலாம்’ என்று ஓட்டும் அந்த ஒரு கிலோமீட்டரில்தான் பேரிங் ஷெல்லோடு (சுழலும் தண்டைத் தாங்கும் மெல்லிய உலோகப் பட்டை) முடிய வேண்டிய செலவு, எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் வரை போகிறது.

கேட்பதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆஃப் செய்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் மேல்கோடு வரை ஊற்றிவிட்டு அப்புறம் சத்தத்தைத் தேடலாம். பாதிப் புகார்கள் இங்கேயே தீரும். ஆயில் காபியில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். விரலில் தொட்டால் தேன் மாதிரி இழுபடுகிறது என்றால் யாரோ கெட்டி ஆயிலையோ சேர்மானத்தையோ ஊற்றிச் சத்தத்தை அமுக்கியிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இதை முதல் நாளே பார்க்க வேண்டும். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலும் நம்பகமான ஃபில்டரும் போட்ட பிறகு கேட்கும் சத்தமே உண்மையான சத்தம்.

அடுத்து, சத்தத்துக்கு மூன்று கேள்விகள். குளிர்ந்த எஞ்சினில் அதிகமா, சூடான பின் அதிகமா? ரைஸ் செய்தால் சத்தத்தின் வேகமும் கூடவே ஏறுகிறதா? நின்றபடி ரைஸ் செய்யும்போதே வருகிறதா, மேடு ஏறும்போது மட்டுமா? ‘குளிர்’ பற்றி ஒரு வார்த்தை. மார்கழி விடியற்காலையில்கூட சென்னையில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ‘காலையில் குளிரால் அப்படித்தான் கத்தும்’ என்ற சமாதானம் ஊட்டிக்குப் பொருந்தும். இங்கே இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் காலைச் சத்தத்துக்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது.

இடம் கண்டுபிடிக்க ஒன்றரை அடி ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சந்தேகப்படும் பாகத்தில் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்துக் கேளுங்கள். ஆல்டர்னேட்டர் உடல், வாட்டர் பம்ப் உடல், டாப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி), பிளாக்கின் நடு, ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) என்று வரிசையாகப் போங்கள். பக்கத்தில் உள்ள பாகத்தோடு ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எல்லாப் பாகத்திலும் ஏதோ ஒரு சத்தம் கேட்கும், எங்கே கூர்மையாகக் கேட்கிறது என்பதே கணக்கு. காற்றுக் கசிவுக்கு இது உதவாது. அதற்கு ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ், ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சின் மேல் அலையட்டும். துப்பட்டா, வேட்டி நுனி, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றும், மறக்க வேண்டாம்.

கிரீச், உய்ங், கரகர: பெல்ட் பக்கம்

ஸ்டார்ட் செய்ததும் கிரீச் என்று கத்தி, சில நொடியில் அடங்கினால் பெல்ட் வழுக்குகிறது. ஏசி போட்டதும் கத்தினாலும் அதுவே. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் உட்புறத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் உடனே கூடினால் டென்ஷன் குறைவு. நின்றுவிட்டு, ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. வி-பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும். ‘கத்தக் கூடாது’ என்று கம்பியாக இறுக்கிவிட்டால் சத்தம் போகும், மூன்று மாதத்தில் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் போகும். பெல்ட்டில் சோப்பு, மெழுகு, கிரீஸ் தடவுவது ஒரு நாள் வைத்தியம். ரப்பர் ஊறிப் பெல்ட் கெட்டுப்போகும்.

கத்தலாக இல்லாமல் உய்ங் என்ற ஊளையாகவோ, உரல் ஆட்டுவது போலக் கரகரவென்றோ வந்தால் பேரிங். இதற்குத் தீர்ப்பான சோதனை, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. ஆல்டர்னேட்டர் அட்ஜஸ்டிங் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் கேட்டு முடித்துவிடுங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. சத்தம் போய்விட்டதா, எஞ்சினின் உட்புறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் மௌனமாக, சற்று எதிர்ப்போடு சுற்றும். கெட்டது மணல் அரைபடுவது போல உணர்த்தும், அல்லது கிரீஸ் போய் வெறுமனே சுழன்றுகொண்டே இருக்கும். வாட்டர் பம்ப் புல்லியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, பம்ப்பின் அடியில் உள்ள சிறு ஓட்டையில் கூலண்ட் கறை தெரிந்தாலோ பம்ப்பை மாற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் என்றால் இரண்டு பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அதைச் சொன்னால் பேரிங் கடையிலேயே கிடைக்கும், முழு ஆல்டர்னேட்டர் வாங்க வேண்டியதில்லை.

ஏசி கம்ப்ரசர் புல்லி, ஏசி ஆஃபில் இருக்கும்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எப்போதும் உள்ள ஊளை, ஏசி போட்டதும் தொனி மாறினால் புல்லி பேரிங். ஏசி போட்டால் மட்டும் கடகடவென்றால் கம்ப்ரசரின் உட்புறம். அது ஏசிக்காரர் வேலை.

பெல்ட் இல்லாமலும் ஊளை தொடர்ந்து, டைமிங் கவர் பக்கம் கூர்மையாகக் கேட்டால் டைமிங் பெல்ட்டை (கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் பெல்ட்) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங். மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் டைமிங் பெல்ட் வண்டிகள். டென்ஷனர் சுற்றாமல் இறுகிக்கொண்டால் பெல்ட் அறுந்து, பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். எனவே இந்த ஊளையைக் கேட்டுக்கொண்டே ஓட்டக் கூடாது. பெல்ட், டென்ஷனர், அந்தப் பக்கத்து ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதே சிக்கனம்.

டிக் டிக்: மேலிருந்து வரும் மெல்லிய சத்தம்

அதிகம் ஏமாற்றுவது இதுதான். ‘டாப்பெட் சத்தம்’ என்று ஒரே பெயரில் நாலைந்து விதமான கோளாறுகள் உலவுகின்றன.

முதலில் வேகத்தைப் பாருங்கள். கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 900 ஆர்பிஎம் ஐட்லிங்கில் கிராங்க் நொடிக்கு 15 சுற்று, கேம் ஏழெட்டுச் சுற்று. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) உள்ள வண்டியில், தீப்பொறி பாயும் ஒவ்வொரு தடவையும் மின்னும் டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் வயரில் மாட்டி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். ஒரு மின்னலுக்கு ஒரு டிக் என்றால் கேம் பக்கம்: டாப்பெட், ராக்கர், கேமால் ஓடும் பெட்ரோல் பம்ப். ஒரு மின்னலுக்கு இரண்டு என்றால் கிராங்க் பக்கம். இந்த ஒரு சோதனை பல வீண் வேலைகளைத் தடுக்கும்.

டாப்பெட் கவரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்பதற்கு முன் இவற்றை விலக்குங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிப்பது) இன்ஜெக்டர்கள் எப்போதும் டிக் டிக் என்றுதான் பேசும். எல்லாம் ஒரே மாதிரி பேசினால் கோளாறு இல்லை. கார்பரேட்டர் வண்டியில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் கை தேய்ந்தால் டாப்பெட் போலவே ஒலிக்கும்; பம்ப் உடலில் ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பார்க் பிளக் தளர்ந்திருந்தால் டிக்கோடு சேர்ந்து ஒரு ‘ப்ஸ்’ வரும், பிளக்கைச் சுற்றிக் கருப்புக் கறை இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, புதுப் பிளக் என்றால் கையால் முழுக்கத் திருகிய பின் ஸ்பேனரில் அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் ஒரு சின்ன இழுப்பு போதும். அலுமினிய ஹெட்டில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

மேனிஃபோல்டு கசிவுதான் இங்கே பெரிய வேஷக்காரன். குளிர்ந்த எஞ்சினில் பலமாகக் கேட்டு, இரும்பு சூடாகி விரிந்ததும் குறையும். லோடு கொடுத்தால் கூடும். டாப்பெட்டுக்கு லோடு பற்றிக் கவலையில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில், மேனிஃபோல்டு இன்னும் தொடும் சூட்டில் இருக்கும்போதே ஒருவர் சைலன்சர் வாயைத் தடித்த துணியால் சில நொடி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் சோப்பு நீர் தெளித்துப் பார்க்கட்டும். குமிழி வரும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஸ்டட் உடைந்திருக்கிறது. துருப்பிடித்த ஸ்டட்டை ஒரே இழுப்பில் கழற்ற முயலாதீர்கள். முந்தின இரவே டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டு, முன்னும் பின்னும் கால் சுற்றாக ஆட்டி எடுங்கள்.

இவை எதுவும் இல்லை, டிக் டிக் கவருக்கு அடியில்தான் என்றால் டாப்பெட் இடைவெளி பார்க்கலாம். 1,489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஆறிய எஞ்சினில் ராக்கர் கவரைக் கழற்றி, பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். எஞ்சின் லேசாகச் சுற்றும். முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது ஒன்பதுக் கணக்கு: 8-வது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது 1-ஐச் சரிசெய்ய வேண்டும், 7 அமுங்கும்போது 2-ஐ, 6 என்றால் 3-ஐ, இரண்டும் கூட்டினால் எப்போதும் 9. இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது 0.38 மி.மீ. ஃபீலர் கேஜின் அந்தத் தகட்டை ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் விட்டு இழுங்கள். மூடிய தடித்த புத்தகத்திலிருந்து ஒற்றைத் தாளை உருவுவது போன்ற பிடிப்பு இருக்க வேண்டும். தொளதொளவென்று வந்தாலும் தப்பு, இழுக்க இழுக்க வராமல் நின்றாலும் தப்பு. ஸ்க்ரூவை டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். நட் இறுகும்போது இடைவெளி மாறியிருக்கும். பாதிப் பேர் தவறவிடுவது இந்த இரண்டாம் சோதனையைத்தான். ராக்கரின் நுனி குழி விழுந்து தேய்ந்திருந்தால், தட்டையான கேஜ் அந்தக் குழியை அளக்காது. அளவு சரியாக வைத்தும் சத்தம் போகவில்லை என்றால் அதுவே காரணம்.

மூன்று சிலிண்டர் கார்பரேட்டர் மாருதி 800-இல் ஃபயரிங் வரிசை 1-3-2. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவந்து அதன் இரண்டு வால்வுகளையும் பாருங்கள், கிராங்கை 240 டிகிரி சுற்றி மூன்றாவதை, மறுபடி 240 சுற்றி இரண்டாவதை. இன்டேக், எக்ஸாஸ்ட் அளவுகளை மேனுவலிலிருந்து மட்டும் எடுங்கள். ஆறிய எஞ்சினுக்கும் சூடான எஞ்சினுக்கும் அளவு வேறு.

சத்தமே வரக் கூடாது என்று இடைவெளியைக் குறைத்து வைப்பது பெரிய பிழை. எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாவிட்டால் அதன் சூடு சீட்டுக்கு இறங்காது, விளிம்பு எரிந்துபோகும். எல்பிஜி, சிஎன்ஜி கேஸ் கிட் போட்ட வண்டியில் இன்னும் கவனம் தேவை: சீட் தேய்ந்து வால்வு மேலே ஏற ஏற, இடைவெளி தானாகவே குறையும். அந்த எஞ்சின் மௌனமாக இருந்தபடியே வால்வை எரித்துக்கொள்ளும். கொஞ்சம் டிக் டிக் கேட்பதே நல்ல சகுனம். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சினில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமில்லை. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி இருநூறு முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் சலசல, பிறகு அமைதி

இரண்டு மூன்று நொடி மட்டும் சலசலத்து அடங்கினால் ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது. முதல் சந்தேகம் ஃபில்டர் மீது. நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. போலிகளில் அது பேருக்கு இருக்கும். முந்நூறு ரூபாயில் முடியும் இதைப் பார்க்காமல் செயினைக் கழற்றியவர்கள் உண்டு. ஃபில்டர் மாற்றியும் தொடர்ந்தால், அம்பாசடர், ஐகான், ஸ்விஃப்ட் டீசல் போன்ற செயின் எஞ்சின்களில் டைமிங் கவரில் வைத்துக் கேளுங்கள். ஐட்லிங்கிலும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போதும் சங்கிலி உரசும் ஒலி வந்தால் செயின் நீண்டிருக்கிறது, அல்லது டென்ஷனர் செத்துவிட்டது.

மேம்பாலம் ஏறும்போது கிணுகிணு

கத்திப்பாராவில் ஏசியோடு நாலாவது கியரில் ஏறும்போது, கோலிக்குண்டுகளைத் தகர டப்பாவில் குலுக்குவது போல ஒலித்து, காலை எடுத்ததும் நின்றால் அது பிங்கிங். எந்தப் பாகமும் ஆடவில்லை. சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறி வெடிக்கிறது. கியரைக் குறைத்தால் போய்விடுகிறதா என்று முதலில் பாருங்கள், சில சமயம் தப்பு நம் காலில்தான். அதற்கும் போகாவிட்டால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் ஒரு தடவைக்கு 2 டிகிரிக்கு மேல் பின்னுக்குத் தள்ளாமல், ஒவ்வொரு தடவையும் அதே மேம்பாலத்தில் ஓட்டிப் பாருங்கள். வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் உள்ளே தகடு நகர வேண்டும். உள்ளிருக்கும் எடைகளின் ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்திருந்தால் டைமிங் வேண்டாத நேரத்தில் முன்னே ஓடும்.

சென்னையில் இன்னொரு காரணம் ரேடியேட்டர். போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்களில் உப்பு படிந்து, வெந்நீர்க் கெட்டிலின் அடிபோல வெள்ளையாகிவிடும். எஞ்சின் கொஞ்சம் சூடானாலே பிங்கிங் வரும். கூலண்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். சூடு குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது, அது தவறு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஆயில் கசடாகும், பிஸ்டன் சத்தமும் நெடுநேரம் நீடிக்கும்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பற்றி இப்போது நிறையப் பேச்சு. எத்தனால் ஆக்டேனைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்யும். பிங்கிங்குக்கு அதைக் குறை சொல்ல முடியாது. பழைய கார்பரேட்டரில் கலவை சற்று மெலிவதும், பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் விறைத்து வெடிப்பதும்தான் அதன் தொல்லை. மேட்டில் ‘பட்’ என்று கார்பரேட்டர் வழியாகத் திரும்பி வெடித்தால் கலவையையும் ஹோஸ்களையும் பாருங்கள்.

டொக் டொக்: கீழிருந்து வரும் கனமான சத்தம்

இங்கேதான் பணம் போகும், இங்கேதான் அவசரமும் கூடாது. இறக்குவதற்கு முன் போலிகளை விலக்க வேண்டும். கிராங்க் புல்லியின் நடு போல்ட் தளர்ந்திருந்தால் அச்சு அசலாகக் கனெக்டிங் ராடு தட்டுவது போலவே ஒலிக்கும். புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், போல்ட்டில் ஸ்பேனரைப் போடுங்கள். துருப்பொடி கோடாக வழிந்திருந்தால் அதுவே சாட்சி. அப்படியே கொஞ்ச நாள் ஓட்டினால் கீ வெட்டு அகன்று கிராங்க்கே வீணாகிவிடும். ஃப்ளைவீல் போல்ட் தளர்ந்தாலும் டொக் டொக்தான், ஆனால் கியர் பாக்ஸ் பக்கம் கேட்கும், கிளட்ச்சை மிதித்தால் மாறும். சைலன்சர் குழாய் பாடியில் இடிக்கிறதா என்றும் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுத்து சம்பைப் பாருங்கள். நம் தெருக்களில் ஆளுக்கு ஒரு உயரத்தில் போட்ட ஸ்பீடு பிரேக்கர்களில் இடித்து சம்ப் உள்ளே குழிந்திருந்தால், இரண்டு விஷயம் நடக்கும். தகடு உள்ளே கிராங்க்கைத் தொடும், அல்லது ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். இரண்டாவது மோசமானது: டிப்ஸ்டிக்கில் ஆயில் இருக்கும், பேரிங்குக்குப் போகாது.

இனி சிலிண்டரைக் கொல்லும் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, சத்தம் நன்றாகக் கேட்கும் ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் பிளக் வயரை இன்சுலேட்டட் பிளையரால் எடுத்து, வேறொரு பிளக்கில் மாட்டி எர்த்தில் வையுங்கள். வெறுமனே தொங்கவிட்டால் காயில் கெடும். 1995 ஏப்ரல் முதல் சென்னையில் விற்ற புதுப் பெட்ரோல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) கட்டாயம்; அப்படிப்பட்ட வண்டியில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். எனவே எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர் சாக்கெட்டை உருவுங்கள், கார்பரேட்டர் என்றால் சில நொடியில் முடியுங்கள். பழைய இண்டிகா போன்ற மெக்கானிக்கல் பம்ப் டீசலில் இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் டீசலில் அந்த வேலை அறவே கூடாது. 1,000 பாருக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் தெளிவாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டர்தான். குறைந்தது ராடு பேரிங்கா, பிஸ்டன் தட்டலா என்பதை வெப்பம் சொல்லும். பிஸ்டன் தட்டல் குளிரில் அதிகம், சூடானால் தணியும். ராடு பேரிங் நேர்மாறு: ஆயில் சூடாகி இளக இளகச் சத்தம் ஏறும், 2,000, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து ஆக்சிலரேட்டரை மெல்ல விடும்போது வேகமாகத் தட்டும். கூர்மையாக இரட்டைத் தட்டாக ‘டக்டக்… டக்டக்’ என்று ஐட்லிங்கில் வந்தால் பிஸ்டன் பின். அந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் இந்தத் தட்டு குறையாமல் இன்னும் தெளிவாகக் கேட்பதும் உண்டு. எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் பெரிதாக மாறாத, கிளட்ச் பிடித்து வண்டியை இழுக்கும்போது ‘தும் தும்’ என்று தரையே அதிரும் ஒலி மெயின் பேரிங்குடையது.

ஆயில் பிரஷரை விளக்கை நம்பி முடிவு செய்யக் கூடாது. விளக்கு அணைந்திருந்தாலும் பிரஷர் போதாமல் இருக்கலாம். ஸ்விட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் முழுச் சூட்டில் அளக்கச் சொல்லுங்கள். 1,000 ஆர்பிஎம்முக்கு சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பழைய எஞ்சின்களுக்கு ஒரு தோராயக் கணக்கு.

பிறகு ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மினுங்கும் செதில் பேரிங் ஷெல்லுடையது. ஃபில்டரைத் தகரம் வெட்டும் கத்திரியால் அறுங்கள். ஹாக்சா போட்டால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்துப் பிழிந்து பாருங்கள். மினுங்கும் செதில் அங்கே இருந்தால் இனி வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

சம்பை மட்டும் இறக்கி ஷெல்லைப் பார்க்க முடியும் எஞ்சின்கள் உண்டு. அப்போதும் ‘புது ஷெல் போட்டுவிடலாம்’ என்று அவசரப்படக் கூடாது. கிராங்க் பின்னில் நகம் தட்டும் கோடு இருந்தால், அல்லது மைக்ரோமீட்டரில் வட்டம் தப்பியிருந்தால், புது ஷெல் சில ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்காது. லேத் பட்டறையில் கிரைண்ட் செய்து 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். ஒரு பின் மட்டும் கெட்டிருந்தாலும் ராடு பின்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதே முறை. கிரைண்டிங் தூள் கிராங்க்கின் ஆயில் துளைகளில் தங்கும். பிரஷ் விட்டு, காற்றடித்துக் கழுவினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஷெல் தேய்ந்ததற்கான காரணத்தை, ஆயில் பம்ப்போ அடைபட்ட சல்லடையோ, சரிசெய்யாமல் மூடினால் அதே சத்தம் திரும்ப வரும்.

புஸ், தட், கர்ர்

புஸ் என்று காற்று இழுக்கும் ஒலி, ஐட்லிங் ஏறி இறங்குகிறது என்றால் வேக்குவம் ஹோஸ். ரப்பர் ஹோஸைக் காதில் வைத்துத் தேடுங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் புஸ் என்றால் பூஸ்டர். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்டார்ட், ஆஃப் செய்யும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் ‘தட்’ என்றால் எஞ்சின் மவுண்டிங். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்து, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் அரைக் கிளட்ச் கொடுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது, ஆள் பக்கவாட்டில் இருந்து பார்க்கட்டும். எஞ்சின் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் ரப்பர் கிழிந்துவிட்டது.

நியூட்ரலில் கர்ர் என்று கேட்டு, கிளட்ச் மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங்.

குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் நடுங்கினால் கன்வெர்ட்டரின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கும்; ஒரு பெரிய ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் தீர்ந்தது. ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு, கூட்டமில்லாத காலை ஆறு மணிக்கு ஜன்னலை இறக்கிவிட்டு ஏதாவது ஒரு சப்வே வழியாக ஓட்டுங்கள். துரைசாமி சப்வே மாதிரி இருபுறமும் சுவர் உள்ள இடத்தில் சத்தம் திரும்பி வரும். இடது பக்கமா வலது பக்கமா என்பது தெளிவாகிவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் மூழ்கிய கார்கள் எத்தனையோ கை மாறி இன்னும் ஓடுகின்றன. தண்ணீரில் நின்ற வண்டியில் பேரிங் கிரீஸ் கழுவப்பட்டு, ஆல்டர்னேட்டர், டென்ஷனர், ரிலீஸ் பேரிங் எல்லாம் சில வாரம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கத்த ஆரம்பிக்கும். டைமிங் பெல்ட் டென்ஷனரைத் தவிர மற்றவை செலவுதான், ஆபத்தில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை விழுங்கி நின்ற எஞ்சின் வேறு கதை: தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடு எஞ்சின் ஓடும், ஆனால் ஒரு சிலிண்டரில் மட்டும் லேசாகத் தட்டும். கம்ப்ரஷன் கேஜில் அது மாட்டும். பிஸ்டன் மேலே முழு உயரத்துக்கு வராததால் அந்தச் சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டும். சிறிய பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டருக்குச் சிலிண்டர் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ரிங் தேய்வு என்றால் அளவு நன்றாக ஏறும். வால்வு என்றால் அசையாது.

சரிசெய்யச் செலவு கூடுதல் என்று புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் எடுக்கப் போகிறவர்கள், ஃபில்லர் மூடியைத் திறந்து ராக்கர் பக்கம் சேற்றுப் படிவோ துருவோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றச் சொல்லி, கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்த இடத்திலாவது இறுகினால் வேண்டாம். புல்லியை முன்னும் பின்னும் இழுத்து எண்ட் பிளே (கிராங்க்கின் முன்பின் ஆட்டம்) பாருங்கள். கையில் ஒரு காந்தம் இருந்தால், சம்ப் டிரெயின் போல்ட்டைக் கழற்றி அந்த ஓட்டையில் விட்டு எடுத்துவிட்டு அப்புறம் விலை பேசலாம்.